பூனைப் பொந்துக்குள் கை

பிஹியைத் தானியக் கோட்டைக்குக் காவலாக வைத்ததற்குக் காரணமே அவன் பயந்தாங்கொள்ளி என்பதுதான். தைரியசாலி குறட்டை விட்டுத் தூங்குவான், பயந்தவனோ எலி தும்மினாலும் எழுந்து உட்காருவான் என்று ஊர்ச்சபையில் தலைவர் ஹம்மு சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். அப்போது பிஹிக்கு வயது இருபத்தாறு. அதன்பிறகு பத்தொன்பது வருஷம், கோட்டை வாசலை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவி இஜ்ஜாவோடு குடியிருந்தான். பிள்ளை இல்லை. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஊரார் பார்லியில் ஒரு பிடிகூடக் களவு போனதில்லை. தலைவர் கணக்குத் தப்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவனுக்குத் தேளைக் கண்டால் பயம், இடியென்றால் பயம், முத்திரை குத்திய எந்தத் தாளைக் கண்டாலும் பயம். ஊசி என்றால் கேட்கவே வேண்டாம். அம்மை குத்த வந்த வருஷம் ஆட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். பெண்கள் நாலு பேர் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அந்தக் கதை இல்லாமல் அந்த மலையில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. பிஹியும் கூடச் சேர்ந்து சிரிப்பான், வேறென்ன செய்வது?

கோட்டையில் வீட்டுக்கு ஒன்றாக எண்பத்திரண்டு அறைகள், மூன்று அடுக்கு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் கால் வைத்துத்தான் மேலே ஏற வேண்டும். பார்லி, பாதாம், ஆர்கன் கொட்டை ஆட்டிய எண்ணெய், பெண்களின் வெள்ளி நகை எல்லாம் அங்கேதான். அறைச் சாவி அந்தந்த வீட்டுக்காரனிடம் இருக்கும். காவல்காரனுக்கு வெளிவாசல் சாவி மட்டும். அடுத்தவன் அறைக்குள் அவன் தலையை நீட்டினாலும் குற்றம்தான், அன்றோடு வேலை போயிற்று. ஆனால் ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பொந்து உண்டு. பூனை போய்வர அது. எலி சாவி கேட்டா வருகிறது?

ஏழு பூனைகள் இருந்தன. அறுவடையின்போது வீட்டுக்கு ஒரு படி பூனைப் பங்கு என்று ஒதுக்குவார்கள். அதைக் கூழாக்கி ஊற்றுவது இஜ்ஜாவின் பொறுப்பு. கோட்டைப் பூனையைக் கொன்றவன் ஊருக்கே ஆடு அறுத்துச் சோறு போட வேண்டும். இந்தப் பூனைகளுக்கும் பள்ளத்தாக்கில் திரிகிற காட்டுப்பூனைகளுக்கும் உறவு விட்டுப்போகவே இல்லை. கீழேயிருந்து ஒரு கடுவன் ஏறி வரும். இங்கிருந்து ஒரு பெட்டை இறங்கிப் போகும். இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம், மங்கலான வரி, வளையம் போட்ட வால், கரிய வால்நுனி. காட்டுப்பூனைக்குக் கால் கொஞ்சம் நீளம், காதின் பின்பக்கம் செம்பட்டை என்பார்கள். அதை வைத்துக்கொண்டு இது நம்முடையது, இல்லை அது காட்டினுடையது என்று பெரியவர்களே சண்டை போடுவார்கள். ஒன்றுதான் நிச்சயம். காட்டினுடையது மனிதனைக் கண்டால் ஓடும்.

மழை பொய்த்த இரண்டாம் வருஷம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிஹி அறைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டாம் அடுக்கில் வக்ரீமின் அறைப் பொந்திலிருந்து பார்லி மணிமணியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மூட்டை கிழிந்திருக்கிறது. வக்ரீமோ தூரத்துக் காஸாபிளாங்கா நகரத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறான், சாவி அவன் இடுப்பில். இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காவல்காரன் கதவைத் தொடக்கூடாது. பொந்து வழியாகக் கையை விட்டு, கிழிசலைத் தடவிக் கண்டுபிடித்து, துணியை அடைத்துவிட வேண்டும். பிஹி இதை நூறு தடவை செய்திருப்பான். குறுகலான கல் விளிம்பில் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டான்.

சாக்கு தட்டுப்பட்டது. அதற்கு அப்பால் வெதுவெதுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. சீறல் இல்லை, உறுமல் இல்லை, சத்தமே இல்லாமல் அது அவன் கட்டைவிரல் சதையைக் கவ்வியது. அலறிக்கொண்டு கையை உருவினான், விளிம்பிலிருந்து உருண்டு விழாதது அவன் அதிர்ஷ்டம். முகத்தை உரசிக்கொண்டு ஒரு உருவம் பாய்ந்து, கல்லுக்குக் கல் தாவி, போய்விட்டது. கோட்டைப் பூனையா காட்டுப்பூனையா என்று அவன் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவன் எப்படிப் பார்ப்பான்?

வேறு வருஷமாக இருந்தால் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு மறந்திருப்பான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு ஆட்டுக்காரனை வெறிநாய் கடித்து, அவன் செத்துப்போயிருந்தான். எப்படிச் செத்தான் என்பதை ஆண்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டார்கள். பிஹி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசிக்கு அனுப்புவார்கள். ஊசி வயிற்றில் போடுவார்களாம், பதினாலு நாளைக்குப் பதினாலு. பயத்தில் ஊரே எழுந்து ஏழு பூனைகளையும் அடித்துப் போட்டாலும் போடும். இதெல்லாம் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மை என்னவென்றால் அவனுக்கு வாய் திறக்கவே பயமாக இருந்தது.

"கையில என்னய்யா?" என்று இஜ்ஜா கேட்டாள்.

"முள்ளு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வழக்கமாக முள்ளுக்குக்கூடத் திட்டித் தீர்ப்பவள், அன்று பேசாமல் போனாள். அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

வியாழக்கிழமை சந்தை. ஐந்து மணி நேரம் நடந்து போய், சந்தையூர் மருந்தகத்தில் மஹ்ஜூப்பின் முன்னால் நின்றான். மஹ்ஜூப் மருத்துவர் இல்லை, ஊசி போடுகிறவர்தான். ஆனால் அந்த மலைக்கு அவர்தான் எல்லாம்.

"என் மச்சானுக்கு ஒரு சந்தேகங்க. அவரைப் பூனை ஒண்ணு கடிச்சிருச்சு. லேசாத்தான்" என்றான் பிஹி.

"உன் மச்சானுக்குக் கால் இல்லையா?"

"அவரு ரொம்ப பயந்த சுபாவம்."

மஹ்ஜூப் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "சோப்புப் போட்டு நல்லாக் கழுவச் சொல்லு. நாளைக்கே வரச் சொல்லு. இதுல யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. வரவே மாட்டேன்னு முரண்டு பண்ணினா, கடிச்ச பூனையைப் பத்து நாள் கண்ணு மூடாமப் பாக்கச் சொல்லு. நல்லா இருந்தா தப்பிச்சான். செத்தாலோ, காணாமப் போனாலோ அன்னைக்கே ஓடி வரணும். புரிஞ்சுதா? ஆனா முதல்ல சொன்னதைச் செய்யச் சொல்லு."

பிஹி பின்னால் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டான். பயந்தவன் காது அப்படித்தான், வேண்டியதை மட்டும் கேட்கும்.

அன்று மாலையே வக்ரீமின் அறைப் பொந்துக்கு முன்னால் ஒரு மண்தட்டில் ஆட்டுப்பால் வைத்தான். காலையில் தட்டு காலி. அப்பாடா என்று உட்கார்ந்தான். மறுநாளும் காலி, அதற்கு மறுநாளும் காலி. பூனை குடிக்கிறது, பூனை நன்றாக இருக்கிறது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற ஒவ்வொரு பூனையையும் வெறித்துப் பார்த்தான். மூன்று பூனைகள் சாம்பல் நிறம், வரியோடு. நீதானா, நீதானா என்று அவற்றிடமே கேட்டான். ஒன்று கொட்டாவி விட்டால் பல்லைப் பார்த்து நடுங்கினான். விரலில் இருந்த இரண்டு புள்ளிகளும் ஆறிவிட்டன. ஆறியது அவனை இன்னும் பயமுறுத்தியது. அந்த ஆட்டுக்காரனுக்கும் புண் ஆறித்தான் இருந்ததாம்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை. தட்டு மறுபடி காலியாகக் கிடந்தது. இன்னும் ஒரே நாள். பிஹிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போலிருந்தது. அந்தத் தெம்பில், திரிகைக்கு முன்னால் பார்லி அரைத்துக்கொண்டிருந்த இஜ்ஜாவிடம் வந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒரு விஷயம் சொல்றேன், திட்டக்கூடாது. அன்னைக்கு முள்ளு குத்தல. வக்ரீம் அறையில ஒரு பூனை கடிச்சுது. பத்து நாள் அது உயிரோட இருந்தா ஒண்ணுமில்லையாம். தினம் பால் வைக்கிறேன், தினம் குடிக்குது. நாளையோட சரி."

திரிகை நின்றது.

"வக்ரீம் அறையிலயா?"

"ஆமா."

"யோவ்... அந்தப் பாலை நம்ம கிழட்டுப் பூனை வெள்ளச்சி குடிக்குதுய்யா. விடியறதுக்குள்ள வந்து நக்கிட்டுப் போறா. நீ அவளுக்குத்தான் வைக்கிறேன்னு நான் நினைச்சேன்." இஜ்ஜாவின் முகம் மாவைவிட வெளுத்திருந்தது. "அந்த அறையில இருந்தவளைக் கண்ணுல பாத்தே நாலு நாளாச்சு."

"யாரு அவ?"

இஜ்ஜா இடது கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே நாலு புள்ளிகள், கன்றிப்போய்.

பிஹி அதைப் பார்த்தான். தன் விரலைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான்.

"காட்டுப்பூனை. பாதாம் பூத்தப்ப வந்தா. பள்ளத்துல எலி இல்ல, முயல் இல்ல, எலும்பும் தோலுமா அந்தச் சுவருக்கு மேல உக்காந்து பாப்பா. நான் கூழை வச்சுட்டுத் தள்ளி நிப்பேன். நம்மது வந்ததும் தின்னும், இவ முதல்ல என்னைப் பாப்பா, அப்புறம் வழியைப் பாப்பா, அப்புறம்தான் வாய வைப்பா. சுவத்துலேர்ந்து என் கைக்கு வர மூணு மாசமாச்சு. நம்ம பூனைங்களோட ஆத்தாளுக்கு ஆத்தாளும் இப்படித்தானே ஒரு பஞ்சத்துல ஏறி வந்திருக்கும்னு நினைச்சுக்குவேன். எனக்குன்னு வந்தவ மாதிரி இருந்துச்சு. வக்ரீம் அறையில படுத்துக்கிட்டா. உனக்குச் சொன்னா, காட்டு மிருகத்தை உள்ள விட்டுட்டேன்னு கிடந்து அலறுவே."

"எப்ப கடிச்சுது?"

"உனக்கு ரெண்டு நாள் முன்னால, வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் என் உள்ளங்கையை நக்கினவ, அன்னைக்குக் காரணமே இல்லாம கடிச்சா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? பாவி, ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பயந்தே செத்துருவியே."

ஊரே சிரித்த சிரிப்பெல்லாம் பிஹியைச் சுட்டதில்லை, இது சுட்டது. தன்னுடைய பயம் தன் தலையில் மட்டும்தான் விடியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தான். அது பதினோரு நாளாக அவள் வாயையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறது.

"எழுந்திரு, போலாம்" என்றான்.

தலைவர் வீட்டில் கோவேறு கழுதை இருந்தது. அதைக் கேட்கப் பள்ளத்தின் ஓரமாகப் போகிற ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். உச்சிவெயில். பாதி வழியில் இஜ்ஜா நின்றுவிட்டாள்.

பாதை நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. நீண்ட முன்னங்கால்கள், செம்பட்டைக் காது, வளையம் போட்ட வால் தரையில் இழுபட. காட்டுப்பூனை பட்டப்பகலில் பாதைக்கு வராது. வந்தாலும் மனிதனைக் கண்டதும் மறையும். இது மறையவில்லை. வாயோரம் நூலாக எச்சில் தொங்க, பின்னங்கால் ஒருபக்கமாகச் சாய, அவர்களை நோக்கியே வந்தது.

இஜ்ஜாவின் நாக்கு பழக்கதோஷத்தில் டக் டக் என்று கொட்டியது, கூழ் வைக்கும்போது கூப்பிடுகிற சத்தம். கால் ஒரு அடி முன்னே போயிற்று. பிஹி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, தான் முன்னால் போனான். கையில் ஊன்றுகோல். அவன் பல் கிடுகிடுத்தது, சரிதான், ஆனால் கோலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றான். பூனை கோலின் நுனியைக் கவ்வியது. சத்தமே இல்லாமல், பல் உடைகிற மாதிரி கவ்வியது. அந்தக் கண்களை அவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்தான். இந்தத் தடவை மூடிக்கொள்ளவில்லை. பிறகு அதன் உடம்பு வெட்டி இழுத்தது, பிடி விட்டது, பக்கவாட்டில் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. கீழே கல்லில் இரண்டு தடவை புரண்டு அடங்கியது.

இஜ்ஜா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனக்காகவா அதற்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஊர்ச்சாவடியில் பிஹி எதையும் மறைக்கவில்லை. ஒன்பது நாள் ஒளித்ததையும் சொன்னான். தலைவர் ஹம்மு தாடி நடுங்கக் கத்தினார்: "ஒன்பது நாளா வாயில என்னய்யா வச்சிருந்தே, பார்லியா? உன்னைக் காவலுக்கு வச்சது ஓசை கேட்டா எங்களை எழுப்பத்தானே?"

"தப்புதான். வாசல் சாவி இந்தாங்க. வேற யாரையாவது கடிச்சிருக்கான்னு வீடு வீடாக் கேளுங்க. பூனைங்களை..."

"பூனையைக் கொன்னா எலி நம்மளைக் கொல்லும். உன் அறையிலயே அதுங்களை அடைச்சு வச்சுப் பாத்துக்குறோம், நீ கிளம்பு! பொண்டாட்டியக் கழுதையில ஏத்து! நின்னு பேசிக்கிட்டு இருக்கான் பாரு!"

மருந்தகத்தை மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மஹ்ஜூப் இஜ்ஜாவின் கையைப் புரட்டிப் பார்த்தார், பூனையைப் பற்றிக் கேட்டார், முகம் இறுகிப்போயிற்று. பனிப்பெட்டியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார்.

"பதினாலு ஊசி. ஒரு ஆளுக்குத்தான் இருக்கு. பட்டணத்துக்குச் சொல்லி விடணும், லாரி வர ஒரு வாரம் ஆகும். அது சரி, உன் மச்சான் எங்கே?"

பிஹி வலது கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டான்.

"அவருக்கு ஒண்ணுமில்லையாம். முள்ளுதான் குத்தியிருக்கு."

ஊசிக்குப் பயந்து சொன்னானா என்றால் இல்லை. அந்த நிமிஷத்தில் ஊசி அவன் நினைப்பிலேயே இல்லை. ஒரு பெட்டி, இரண்டு பேர், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் இஜ்ஜா விடுகிறவளா? அங்கிக்குள் கையை விட்டு, அவன் கையை வெடுக்கென்று வெளியே இழுத்து மேஜைமேல் போட்டாள்.

"இவருதாங்க மச்சான். பொய் சொல்றாரு."

"விடுடி!"

"நீ வாய மூடு. நீ போயிட்டா அந்தக் கோட்டையில நான் யாரைத் திட்டுவேன்?"

மஹ்ஜூப் இரண்டு கைகளையும் பார்த்தார். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு. ஏழு நாள் தாங்கும். எட்டாம் நாள் லாரி வந்தா மிச்சத்தையும் போட்டுறலாம்."

"வரலைன்னா?" என்று கேட்டான் பிஹி.

அவர் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ஏழு நாள் மருந்தகத்துப் பின்னறையில் கிடந்தார்கள். வயிறு கல்லாக வீங்கியது. ஏழாம் நாள் பெட்டி காலி. எட்டாம் நாள் விடிந்ததிலிருந்து சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலை லாரி வந்தது, மூட்டை இறக்கியது, மருந்து இல்லை என்று போனது. மத்தியானம் ஒன்றும் வரவில்லை. பிஹி நாளை எண்ணிப் பார்க்கப் பயந்து, மனசுக்குள் தெரிந்த பிரார்த்தனையையெல்லாம் சொல்லித் தீர்த்தான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் தன் காலடியிலிருந்து சாக்கில் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்து மஹ்ஜூப்பிடம் நீட்டினான். ஐஸ் உருகி அவன் செருப்பெல்லாம் நனைந்திருந்தது.

கடைசி ஊசி போட்ட அன்று மஹ்ஜூப் வாசல்வரை வந்தார். "போட வேண்டியதைப் போட்டாச்சு. ஆனா தாமதமா வந்திருக்கீங்க, பொய் சொல்ல மாட்டேன். இன்னும் நாப்பது நாள் போகட்டும். தண்ணியைக் கண்டு தொண்டை இறுகினா, இறங்காம நின்னுச்சுன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். "அப்ப என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல."

கோட்டைக்குத் திரும்பினார்கள். ஹம்மு சாவியைத் திருப்பிக் கொடுத்தார், நாலு வசவோடு. ஏழு பூனைகளும் நன்றாக இருந்தன, ஊரில் வேறு யாருக்கும் கடியில்லை. அதன்பிறகு தினமும் காலையில் அந்த ஒற்றை அறையில் ஒரு காரியம் நடந்தது. இஜ்ஜா கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு குடிப்பாள், பிஹி அவள் தொண்டையையே பார்ப்பான். பிறகு அவன் குடிப்பான், அவள் பார்ப்பாள். ஏன் பார்க்கிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. இறங்கிவிட்டால் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். மறுநாள் காலைவரை அது போதும்.

நாற்பதாம் நாள் காலையில் இஜ்ஜா குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். கிண்ணத்தை மறுபடி நிரப்பி அவனிடம் நீட்டினாள். அவன் அவசரமாக வாயில் கவிழ்த்துக்கொண்டான். முதல் மடக்கு புரையேறியது. தண்ணீர் மூக்கில் வந்து, கண் பிதுங்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவன் திணற, "பிஹி!" என்று இஜ்ஜா போட்ட அலறலில் மூன்றாம் அடுக்குப் பூனைகள்கூட ஓடிப்போயின.

இருமினான். இன்னொரு தடவை இருமினான். மூச்சு வந்தது.

"புரை... வெறும் புரைதான்டி..."

"மெதுவாக் குடிச்சா என்னய்யா, பாவி!" அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், பிறகு அதே முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிஹி கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தான். அவள் தலையை நிமிர்த்திப் பார்க்கும்வரை காத்திருந்தான். பிறகு அவளுக்குத் தொண்டை தெரிகிற மாதிரி முகத்தைத் தூக்கி, ஒவ்வொரு மடக்காக, அடிவரைக்கும் குடித்தான்.